அவிட்டம் தொடங்க முன்

1

இந்தக் கிழமை முழுக்க நான் கோபமாக இருக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டில் இருந்து ஒருத்தி எழுதினால் பனியும் ஏக்கமும் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். பனி இருக்கிறது, வாசலில் இடுப்பளவுக்குக் கிடக்கிறது. ஏக்கம் இந்த முறை இல்லை.

அம்மா காலமாகி ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டு எங்கள் மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் போனேன். நோர்வேயின் வடக்கு முனையில் கடலை ஒட்டிய சின்ன ஊர் இது. இருபத்தாறு வருடமாக இங்கே மீன் வெட்டுகிறேன். என்றாலும் மனம் பதறும்போது இந்த மொழி என் வாய்க்குள் நிற்பதில்லை. "அம்மாவின் நாள்" என்று சொல்ல நினைத்து "மூர்ஸ் டாக்" என்றேன். அந்த மனுசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அது பெப்ரவரியில்தானே வரும்! பூ வாங்கிக் கொடு" என்றாள். அன்னையர் தினத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

செத்த நாள் என்று திருத்திச் சொன்னேன். அவள் முகத்தை மாற்றிக்கொண்டு கணினியில் படிவம் ஒன்றைத் திறந்தாள். இறந்த திகதி கேட்டாள், சொன்னேன். லீவு வேண்டிய திகதி கேட்டாள், வேறொன்றைச் சொன்னேன். அவள் விரல்கள் நின்றன.

"இரண்டும் வேறாக இருக்கிறதே?"

"நாங்கள் திகதி பார்ப்பதில்லை. சந்திரன் அன்றைக்கு எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்துக்குத் திரும்பி வருகிற நாளைப் பார்ப்போம்."

"அப்படியென்றால் அடுத்த வருடமும் வேறு திகதியா?"

"ஓம்" என்றேன். அவர்கள் மொழியில் அந்தச் சத்தத்துக்கு "இருந்தால், வந்தால்" என்கிற மாதிரி ஓர் அர்த்தம். மிச்சத்தையும் சொல்வேன் என்று காத்திருந்தாள். பிறகு, "இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"சந்திரன்" என்றேன்.

படிவத்தில் சந்திரனுக்குப் பெட்டி இல்லை. "சொந்த விடயம்" என்று போட்டு அனுப்பினாள்.

எனக்குக் கோபம் அவளோடு இல்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதில்தான் பொய். போன வருடம் எங்கள் வீட்டில் தீர்மானித்தது சந்திரன் இல்லை.

2

அப்பா வட்டவிதானையாக இருந்தவர். சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு வயல் கண்டத்துக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பதும், விதைப்பு எப்போது தொடங்குவது என்று அறிவிப்பதும் அவருடைய பொறுப்பு. கண்டத்தில் பாதிப் பேர் முஸ்லிம்கள், பாதிப் பேர் நாங்கள். அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் மண்வெட்டியைக்கூடத் தொடமாட்டார். நற்பிட்டிமுனை ஆதம்பாவாக் காக்கா அவருடைய வயல் கூட்டாளி. விதைப்புக் காலத்தில் வந்து படலையடியில் நின்று கேட்பார்:

"விதானையார், உங்கட ஏடு என்ன செல்லுது? நமக்கு எல்லா நாளும் அல்லாட நாள்தான். எண்டாலும் தண்ணி எண்டைக்கு வரும் எண்டு தெரியணுமே."

அப்பாவுக்கு நாள் என்பது நள்ளிரவில் பிறக்கிற சாமான் இல்லை. சூரியன் எழும்பினால்தான் நாள். ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிடம். அதில் கிழமை மட்டும் உதயத்தோடு ஒழுங்காக மாறும். திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்கிற மற்ற நான்கும் தங்கள் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். சூரியனை விட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி முடியும். வானத்தை இருபத்தேழாகப் பிரித்து அதில் ஒரு பங்கைச் சந்திரன் கடந்தால் ஒரு நட்சத்திரம் முடியும். அது விடியற்காலையிலும் மாறும், சோற்றில் கை வைத்திருக்கும்போதும் மாறும். மாறுகிற நிமிடத்தைப் பஞ்சாங்கம் சொல்லும்.

கண்ணில் அழுத்தம் ஏறி அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போன பிறகு, அம்மா காலையில் தேத்தண்ணியோடு பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்து அவருக்கு அன்றைய பக்கத்தை வாசித்துக் காட்டுவார். வாசிப்பில் ஓர் எழுத்து விழுந்தாலும் அப்பா பிடித்துவிடுவார். நேரம் தெரிய அவருக்கு மணிக்கூடு தேவையில்லை. பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் பள்ளிவாசல்கள். ஐந்து நேரப் பாங்கும் காதில் விழும். "ளுஹர் சொல்லியாச்சி, சோத்தைப் போடு" என்பார்.

இங்கே என்ன நிலைமை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மார்கழியில் எங்கள் ஊரில் சூரியன் எழும்புவதே இல்லை. இரண்டு மாதம் அப்படி. பகலில் இரண்டு மணி நேரம் வானம் நீலமாக வெளிறும், பிறகு இருண்டுவிடும். என் மகள் மதுராவுக்குப் பதினேழு வயது. ஒருநாள் என்னிடமிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, சூரியன் வந்தாத்தான் நாள் எண்டா, இங்க இப்ப நாளே இல்லையா? ரெண்டு மாசமா நேத்துத்தானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அம்மா காலமான செய்தியை நான் சொன்னபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "அம்மம்மா முடிஞ்சிட்டாவா?" என்று கேட்டாள். பால் முடிந்துவிட்டது, சீனி முடிந்துவிட்டது என்கிற அதே சொல். "காலமாகிட்டா" என்ற சொல்லை நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவளைப் பார்த்துக் கத்தினேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

3

அம்மா பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். பாண்டிருப்பு வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், எனக்குச் சீதனமாக எழுதியது. நான் இங்கே வந்துவிட்டதால் அம்மாவும் அப்பாவும் அதிலேயே இருந்தார்கள். தம்பி குகன் கலியாணம் முடித்துக் காரைதீவில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டான். ஓர் அரச அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்பும் பின்பும் பாண்டிருப்புக்கு வந்துபோவான்.

அன்று எங்கள் பத்து மணி இடைவேளை. கையுறையைக் கழற்றிவிட்டு உணவறையில் இருந்து அழைத்தேன். அயல்வீட்டு ராசாத்தி மச்சாள் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். கட்டிலின் ஓரத்தில் அப்பாவின் கை மட்டும் தெரிந்தது. அது அம்மாவின் கைக்கு மேல் இருந்தது. அம்மாவின் மூச்சு பெரிதாக ஒன்று வந்தது. அடுத்ததுக்குக் காத்திருந்தேன். எனக்குப் பக்கத்து மேசையில் யாரோ முட்டைக் கோது உரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது வரவில்லை.

"அக்கா, மாமி போயிட்டா அக்கா" என்று ராசாத்தி சொன்னாள். போனை எங்கேயோ வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினாள். பிறகு நான் பார்த்ததெல்லாம் என் வீட்டுக் கூரையைத்தான்.

என்னால் போக முடியவில்லை. அடுத்த இரண்டு நாளும் பனிப்புயல், எங்கள் சின்ன விமான நிலையம் மூடிக் கிடந்தது. அதைவிட, என் கடவுச்சீட்டு இரண்டு மாதம் முன்பே காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்க நாள் குறிப்பதற்கே மூன்று கிழமை. அம்மாவை அடக்கம் செய்வதை அந்தச் சின்னத் திரையில் பார்த்தேன். குகன் முன்னால் நடந்தான். அப்பாவை ஆதம்பாவாக் காக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

அன்று பின்னேரம் குகன் கதைத்தான்.

"அக்கா, அம்மா பஞ்சமியில போயிட்டா. அவிட்டமாம். குருக்கள் பார்த்துச் சொன்னவர்."

வாசிப்பவர்களில் இளம் ஆட்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை வரிசையாக ஐந்து நட்சத்திரங்கள். இதைத்தான் பஞ்சமி என்கிறோம், திதிப் பஞ்சமி வேறு. அந்த ஐந்தில் ஒன்று நடக்கும்போது ஒருவர் இறந்தால் வீட்டுக்குத் தோஷம், வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப்போட வேண்டும், விளக்கேற்றக்கூடாது, ஆள் குடியிருக்கக்கூடாது என்பது கணக்கு. அவிட்டம் என்றால் ஆறு மாதம்.

"அப்ப அப்பா?"

"அந்தியேட்டி முடிய என்னோட கூட்டிப்போறன்."

நான் சரி என்றேன். அழுது களைத்திருந்தேன், ஒன்றும் யோசிக்கவில்லை. நான் விட்ட பிழை அது. அதையும் எழுதிவிடுகிறேன், மற்றவர்களை மட்டும் ஏசினேன் என்று இருக்கக்கூடாது.

4

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு, அதுதான் நினைவு மலர், வட்ஸ்அப்பில் வந்தது. முதல் பக்கத்தில் அம்மாவின் படம். அடுத்த பக்கத்தில் திதி வெண்பா: வருடத்தின் பெயர், மார்கழி மாதம், வளர்பிறை, சதுர்த்தி, அவிட்டம், எல்லாம் நான்கு வரிக்குள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "பிற்பகல் 4.30".

நான் அந்த இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு என் போனில் பழைய அழைப்புகளைத் தேடி எடுத்தேன். அன்று ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு அழைத்திருக்கிறேன். மூச்சு நின்றபோது உணவறைச் சுவர்க் கடிகாரம் பத்துப் பத்து. ஊருக்கும் எங்களுக்கும் அந்தக் காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம். அப்படியானால் இரண்டு நாற்பது. குருக்கள் பார்த்த அதே பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ராசாத்தியிடம் கேட்டேன். திருவோணம் பகல் 3.12 வரை, அதன் மேல் அவிட்டம்.

அம்மா திருவோணத்தில் போயிருக்கிறார். அவிட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறது. தோஷமும் இல்லை, அடைப்பும் இல்லை.

குகனை அழைத்தேன்.

"நாலரை எண்டு யார் சொன்ன?"

"நான்தான். நான் வீட்டுக்கு வந்த நேரம் அதுதானே."

"அம்மா ரெண்டு நாப்பதுக்குப் போனவ. நான் பார்த்துக்கொண்டிருந்தனான். உனக்கு ஒருத்தரையும் கேக்கத் தோணல்லயா?"



"அக்கா, இனி என்ன செய்யிற? எல்லாம் அச்சடிச்சாச்சி."

எல்லாம் அச்சடிச்சாச்சி. இந்த ஒரு வசனத்துக்காக நான் அன்று உடைத்த கோப்பையை மதுரா கூட்டி அள்ளினாள். சந்திரன் எத்தனை பாகையில் நின்றது என்று நிமிடக் கணக்கில் பார்க்கிற மனுசருக்கு, ஒரு பெண் எத்தனை மணிக்கு உயிரை விட்டாள் என்று ஒரு கேள்வி கேட்க நேரமில்லை. மகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய நேரம் அவள் செத்த நேரமாகிவிட்டது. அதற்கு மேல் சாத்திரம் கட்டி, வெண்பாவும் பாடிவிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்து ஆதம்பாவாக் காக்கா கதைத்தார். அவர் எனக்கு அழைத்ததே அதுதான் முதல் தரம்.

"மகள், கோவிக்காதிங்க. உங்கட தம்பி செல்லவேணாம் எண்டுதான் செல்லினவர். எனக்கு மனசு கேக்குதில்ல. உங்கட வாப்பா விழுந்துட்டார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரில இரிக்கார்."

பாண்டிருப்பு வீட்டில் அப்பாவுக்குக் கண் தேவையில்லை. கட்டிலிலிருந்து கதவு, கதவிலிருந்து கிணற்றடி, எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். காரைதீவு வீட்டில் குளியலறைக்கு முன்னால் ஒரு படி இறங்கும். அந்தப் படியை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

புதுக் கடவுச்சீட்டு அதற்கு முந்திய நாள்தான் தபாலில் வந்திருந்தது. நான் போக நாள் பார்க்கவில்லை.

5

கல்முனையில் இறங்கிய கையோடு, பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல், நேரே குருக்கள் வீட்டுக்குப் போனேன். எழுபது வயது மனுசர். கதிரை தந்தார். நான் இருக்கவில்லை. போனை நீட்டினேன்.

"இது நான் அம்மாவோட கதைச்ச நேரம் ஐயா. இதோட நாலரை மணித்தியாலம் கூட்டுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பஞ்சாங்கத்தை எடுத்து விரலால் தடவினார்.

"ரெண்டு நாப்பது எண்டா திருவோணம். தோஷமில்ல. தாராளமா வீட்டைத் திறக்கலாம்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இத நீங்க அண்டைக்குக் கேட்டிருக்கலாமே ஐயா?"

"எனக்குத் தந்த நேரத்துக்குத்தான் பிள்ள நான் பார்க்கிறது. செத்த வீட்டில போய், நேரம் சரிதானா எண்டு நான் விசாரணை வைக்கேலுமா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் என்னை இன்னும் எரித்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கெட்டவரில்லை. ஆனால் எண்பத்தொரு வயதுக் கண் தெரியாத மனுசன் இடுப்பு முறிந்து கிடக்கிறார்.

அங்கிருந்து என் வீட்டுக்குப் போனேன். குகன் திறப்போடு வாசலில் நின்றான். மெலிந்திருந்தான். முற்றத்தில் முருங்கை இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. நான் தெரு ஒழுங்கை என்றும் பார்க்காமல் கத்தத் தொடங்கினேன். அவனுக்கு வசதிக்காகத்தான் வீட்டைப் பூட்டினான் என்றேன். காரைதீவிலிருந்து வந்துபோகப் பஞ்சிப்பட்டுத்தான் அவிட்டத்தைப் பிடித்துக்கொண்டான் என்றேன்.

அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்:

"ஓம் அக்கா. வசதியாத்தான் இருந்திச்சி. குருக்கள் வீட்டை அடைக்கணும் எண்டு சொல்லக்குள்ள எனக்கு நெஞ்சில ஒரு பாரம் இறங்கினது மெய்தான். ரெண்டு வருஷம் நான் நாலரை மணிக்கு எழும்பினனான். அம்மாவக் கழுவி, உடுப்பு மாத்தி, அப்பாக்குச் சாப்பாடு வெச்சிட்டு வேலைக்குப் போவன். பின்னேரம் மறுகா வருவன். நீ போன்ல அழுதாய். நான் கழுவினன்."

நான் அவன் கையிலிருந்த திறப்பை வாங்கினேன்.

"ஆனா நேரத்த நான் வேணுமெண்டு மாத்தல்ல" என்றான். "அது சத்தியம். அண்டைக்கு எனக்கு ஒண்டும் விளங்கல்ல. குருக்கள் நேரம் கேட்டார், வாயில வந்ததச் சொன்னன்."

கதவைத் திறந்தோம். இருவரும் சேர்ந்து கூட்டினோம், கழுவினோம். அம்மாவின் கட்டிலை வெளியே எடுத்து வெயிலில் போட்டோம். அன்று முழுக்க நாங்கள் ஐந்து வசனம்கூடக் கதைக்கவில்லை. நான் விளக்கேற்றினேன்.

6

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்திரசிகிச்சை முடிந்து அப்பாவை வீட்டுக்கு விடும் நாள் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆதம்பாவாக் காக்கா இருந்தார். என்னைக் கண்டதும், "மகள் வந்திரிக்கா விதானையார், நான் தொழுதிட்டு வாறன்" என்று எழும்பிப் போனார்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் கணக்கு, திருவோணம், குருக்கள் பார்த்தது, வீட்டைக் கழுவி விளக்கேற்றியது. என் குரலில் ஒரு வெற்றி இருந்தது.

"வாங்கப்பா, நம்மட வீட்டுக்குப் போவம்."

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

"எனக்கு நேரம் தெரியும் புள்ள" என்றார்.

"என்ன நேரம்?"

"அம்மா போன நேரம். மூண்டேகால் அஸர் பாங்கு சொல்லக்குள்ள அவட கை ஆறிப்போயித்து. அண்டைக்குக் காலம்பற ராசாத்திதான் பஞ்சாங்கம் வாசிச்சவள். மூண்டு பன்னிரண்டு வரைக்கும் திருவோணம் எண்டு எனக்கு மனசில இருந்திச்சி."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன் அப்பா வாயத் திறக்கல்ல? அவிட்டம் எண்டு சொல்லக்குள்ள இல்ல எண்டு ஒரு வார்த்தை!"

"வாயத் திறந்திருந்தா அந்த வீட்டில என்னை இருக்கச் சொல்லுவீங்க."

"அது உங்கட வீடுதானே?"

"அவ இல்லாம அதுக்குள்ள இருக்க எனக்கு ஏலா புள்ள. மூலைக்கு மூலை அவட சத்தம். கட்டில்ல கை வெச்சா வெறுங்கட்டில். ஏலா எண்டு சொன்னா ஆம்பிளைக்கு அழகா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க? பஞ்சாங்கம் போ எண்டு சொல்லிச்சி. நான் பேசாம எழும்பிப் போயிட்டன்."

நான் அங்கே வந்தது ஒரு சண்டைக்கு. குகனோடு சண்டை, குருக்களோடு சண்டை, சந்திரனோடும் சண்டை. சண்டை பிடிக்க வேண்டிய ஆள் இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு வேறொரு ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வயதில் நான் நோர்வேக்குப் புறப்பட்டபோது, அப்பா மூன்று தரம் என் பயணத்தை மறித்தார். முதல் தரம் கரிநாள் என்றார். இரண்டாம் தரம் சூலம் அந்தத் திசையில் என்றார். மூன்றாம் தரம் சந்திராட்டமம் என்றார். மறித்து மறித்து என் விசா காலாவதியாகிப் போனது. திரும்ப எடுக்கும்வரை கொழும்பில் ஒரு லொட்ஜில் நான்கு மாதம் கிடந்தேன். அது சண்டைக் காலம். கதவில் தட்டுச் சத்தம் கேட்டால் அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்புவேன். அந்த நான்கு மாதத்தில் என் தலைமுடி பாதி கொட்டியது.

"அப்பா, நான் போகக்குள்ள மூண்டு தரம் நாள் பிழை எண்டீங்களே. அது?"

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகள் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் வந்தது.

"மூண்டும் நல்ல நாள்தான் புள்ள" என்றார்.

நான் வெளியே விறாந்தைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "போகாத மகள்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் போயிருப்பேன், அது வேறு கதை. ஆனால் என்னைப் போகவேண்டாம் என்று ஒருத்தர் சொன்னார் என்ற நினைப்பு என்னோடு வந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கரிநாளையும் சூலத்தையும் கொண்டு வந்தேன். இருபத்தாறு வருடமாக, என் அப்பாவுக்கு என்னைவிடப் பஞ்சாங்கம் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழுதுவிட்டு வந்த ஆதம்பாவாக் காக்கா என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"உங்களுக்கும் தெரியுமா காக்கா?"

"தெரியும் மகள். அண்டைக்கு அஸர் தொழுதிட்டு நான் வரக்குள்ள உங்கட உம்மா மௌத்தாகிக் கன நேரம். அவர் என்ட கையப் புடிச்சிச் செல்லினார், நேரத்தப் பத்திக் கதைக்காத எண்டு. கூட்டாளி செல்லிட்டார், நான் என்ன செய்யிற?"

இரண்டு கிழமை லீவு முடிந்தது. அப்பா காரைதீவுக்கே போனார். குகன் அந்தப் படியை உடைத்துச் சரிவாகக் கட்டினான். புறப்படும் காலையில் நான் விளக்கை அணைத்தேன், யன்னல்களைச் சாத்தினேன், திறப்பை இரண்டு தரம் திருப்பி ராசாத்தியிடம் கொடுத்தேன். வீட்டைத் திறக்க அவ்வளவு தூரம் பறந்து வந்தவள், அதை என் கையாலேயே பூட்டிவிட்டு வந்தேன்.

7

இந்த ஒரு வருடமும் அப்பாவோடு நான் அளந்துதான் கதைத்தேன். மருந்து குடித்தீர்களா, கால் எப்படி, அவ்வளவுதான். மதுராவுக்கு அது விளங்கவில்லை. "அம்மா, அம்மப்பா பாவம். நீங்க அவரோட கதைக்கிற மாதிரி நான் உங்களோட கதைச்சா நீங்க அழுவீங்க" என்றாள். அவளுடைய தமிழில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

திவசம் புதன்கிழமை என்று குகன் அறிவித்தான். எங்கே செய்வது என்று கேட்டான். காரைதீவில் உன் வீட்டிலேயே செய் என்றேன். அப்பா என் வீட்டுக்கு வரமாட்டார் என்று தெரிந்த பிறகு நான் எதற்காக வாதாட வேண்டும்?

அதற்கு முந்திய நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியான இடைவேளைக்குச் சற்று முன் என் போன் அடித்தது. கையுறையோடு உணவறைக்கு ஓடினேன். ஆதம்பாவாக் காக்காவின் இலக்கம். ஆனால் கதைத்தது அப்பா.

"புள்ள, நான் உன்ட வீட்டில இரிக்கன்."

"எங்க?"

"பாண்டிருப்பில. ஆதம்பாவாதான் மூண்டு சில்லு வண்டி புடிச்சிக் கூட்டி வந்தவன். திறப்ப ராசாத்தியிட்ட வாங்கினன். குகனுக்குச் சொல்லல்ல, ஏசுவான். நாளைக்கு இஞ்சதான் செய்யவேணும். குருக்களுக்கும் ஆள் அனுப்பிட்டன்."

பின்னால் ராசாத்தி எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. தும்புத்தடியால் கூட்டும் சத்தமும் கேட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன். ஊரில் மூன்று மணி ஐம்பது. என் வாயில் எது வந்தது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"அப்பா, இண்டைக்குச் செவ்வாய். மூண்டிலிருந்து நாலரை வரைக்கும் ராகு காலம். ராகு காலத்திலயா வீட்டுக்குள்ள போனீங்க?"

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

அவர் மூச்சு வாங்கினார். கதிரை ஒன்று நகர்ந்தது. அவர் இருந்துகொண்டார் போலும்.

"எனக்கு வரவேணும் போல இருந்திச்சி புள்ள" என்றார். "வந்தன்."